கிற்றார் மொடலருக்கு ஏற்ற ஸ்பீக்கரைத் தெரிதல்: பரந்தன் இசைக்குழு ஒன்றை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் காலம் தொட்டு, மாரி மழை தொடங்கும் வரைக்கும், வன்னியின் இசைக்குழுக்களுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். கோயில் வீதி, பாடசாலை மைதானம், விளையாட்டுக் கழக முற்றம் என மேடைகள் பெரும்பாலும் வெட்டவெளியிலேயே அமைகின்றன. ஒலியமைப்பு அநேகமாக வாடகைக்கு எடுக்கப்படுவதாகவும் மின்சாரம் பல இடங்களில் ஜெனரேட்டரிலிருந்து வருவதாகவும் இருக்கும். கிற்றார் மொடலர் என்பது கிற்றார் அம்பின், அதாவது பெருக்கியின், ஒலியைக் கணித்துத் தரும் மின்னணுக் கருவி. அதற்கான ஸ்பீக்கரைப் பற்றி வெளிநாடுகளில் எழுதப்படும் ஆலோசனைகள், மூடிய அரங்கையும் நிலையான மின்சாரத்தையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. ஆகவே நமது சூழலில் நடந்த ஒரு நிகழ்வை அதன் காரண காரியங்களோடு பதிவு செய்வது பயனுடையது என்று கருதி இதை எழுதுகிறேன்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குழு பரந்தனை அண்டிய பகுதியைச் சேர்ந்தது. இரண்டு கிற்றார், ஒரு பேஸ், கீபோட், ட்ரம்ஸ், தபேலா, மூன்று பாடகர்கள். பிரதான கிற்றார் வாசிப்பவர், எடை கூடிய பழைய அம்ப் ஒன்றை லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றி இறக்கிக் களைத்தபின், நடுத்தர விலையுள்ள தரைமொடலர் ஒன்றை வாங்கியிருந்தார். முன்பிருந்த சிறிய 10 அங்குல கொம்போ அம்ப் (பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்தது) பயிற்சிக்காகப் பயிற்சி மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தது. மேடையில் மொடலர் நேராக வாடகைக்காரரின் மிக்சருக்குச் செல்லும். வாசிப்பவர் தமது ஒலியைத் தரையில் கிடக்கும் மொனிற்றர் பெட்டியில் கேட்பார்.

அவரது முறைப்பாடு சுருக்கமானது: "வீட்டில ஹெட்போனில கேட்கேக்க நல்லா இருக்கு அண்ணை, மேடையில ஏறினா வண்டு மாதிரி இரையுது." பயிற்சி மண்டபத்தில் வேறொரு குறை இருந்தது. அங்கே ஒலி மங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றியது. அவர் கேட்ட கேள்வி, எந்த ஸ்பீக்கரை வாங்கினால் இவ்விரண்டு குறையும் தீரும் என்பதே.

மொடலர் எதைத் தருகிறது

இக்கேள்விக்கு விடை சொல்லுமுன், கிற்றார் ஸ்பீக்கர் என்பது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டுக் கேட்பதற்கான ஸ்பீக்கர் தன்னிடம் வந்ததை மாற்றாமல் வெளியிட முயல்கிறது. கிற்றார் அம்பின் ஸ்பீக்கரோ ஒலியை உருவாக்குவதில் பாதிப் பங்கை ஏற்கிறது. செலஸ்ரியன் நிறுவனம் தனது விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்குக் குறிப்பிடும் அலைவெண் எல்லை 70 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரை. கிரீன்பாக் ஸ்பீக்கருக்கு 75 முதல் 5000 வரை. அதற்கு மேல் ஒலி செங்குத்தாக விழுந்துவிடுகிறது. ஒலியைச் சிதைத்துக் கடினமாக்கும் டிஸ்டோர்ஷன் உண்டாக்கும் மேல்தொனிகள் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஏராளமாக இருக்கின்றன. காதைக் கீறும் அந்த இரைச்சலை வெட்டி எறிவது இந்த ஸ்பீக்கரின் இயல்பான குறைபாடுதான். அந்தக் குறைபாடு இல்லையென்றால் மின்கிற்றார் இன்றைக்கு நாம் விரும்பும் ஒலியைப் பெற்றிருக்காது.

மொடலர் இந்த ஸ்பீக்கரையும் அதன் முன்னால் வைத்த மைக்கையும் சேர்த்தே கணக்கிட்டுத் தருகிறது. லைன் 6 நிறுவனம் 1998இல் வெளியிட்ட பொட் கருவி, அம்ப் இல்லாமல் நேரே ஒலிப்பதிவு செய்வதற்காகவே வந்தது. ஆகையால் ஸ்பீக்கரும் மைக்கும் கருவிக்குள்ளேயே இருந்தாக வேண்டியிருந்தது. 2006இல் ஃப்ராக்டல் ஓடியோவின் அக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் கெம்ப்பர், 2015இல் லைன் 6 ஹீலிக்ஸ் எனக் கருவிகள் வளர்ந்து மேடைக்கு வந்தபோதுதான், வெளியே எந்த ஸ்பீக்கர் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. இன்று இந்தக் கணிப்பு பெரும்பாலும் இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ், சுருக்கமாக ஐ.ஆர்., என்ற கோப்பின் வழியே நடக்கிறது. ஒரு குறித்த பெட்டி, ஒரு குறித்த மைக், அந்த மைக் வைக்கப்பட்ட இடம் ஆகிய மூன்றின் ஒலித்தடமே அது.

இதிலிருந்து வரும் விதி ஒன்றுதான். கிற்றார் ஸ்பீக்கரின் வடிகட்டல் ஒலியின் பாதையில் ஒரு தடவை நடக்க வேண்டும். இரண்டு தடவை நடந்தால் ஒலி மங்கும். ஒரு தடவையும் நடக்காவிட்டால் இரையும். ஸ்பீக்கர் தெரிவு முழுவதும் இந்த விதியைச் சுற்றியே அமைகிறது.

சோதனை

பயிற்சி மண்டபம் தகரக் கூரையும் அரைச்சுவரும் கொண்டது. அதற்குள்ளும், பின்னாலுள்ள திறந்த வளவிலும் சோதனை செய்தோம். வாசித்துக்கொண்டே கேட்பவருக்குக் கையில் அதிரும் கிற்றாரின் உணர்வும் காதில் விழும் ஒலியும் கலந்துவிடும். ஆகவே மொடலரின் லூப்பரை (வாசிப்பைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் பகுதி) ஒலிப்பாதையின் தொடக்கத்தில் வைத்து, ஒரு சிறு வாசிப்பை எவ்வித மாற்றமும் சேராத நிலையில் பதிந்து, அது சுழன்றுகொண்டிருக்க வாசிப்பவரையே பெட்டியின் முன்னும் பக்கமும் நடந்து கேட்கச் செய்தோம். அம்ப், கபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) என எதை மாற்றினாலும் வாசிப்பு மாறாது என்பதால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஸ்பீக்கர் வாங்க விரும்பும் எவரும் கடைக்குள்ளேயே இதைச் செய்து பார்க்கலாம். கைத்தொலைபேசிச் செயலி காட்டும் டெசிபல் அளவு துல்லியமானதல்ல. ஆயினும் இரண்டு பெட்டிகளை ஒரே உரப்பில் வைத்து ஒப்பிட அது போதும். உரப்பு கூடிய பெட்டியே நல்ல பெட்டி என்று காது எளிதில் ஏமாறும்.

கொம்போ அம்பில் முதலில் கேட்டோம். மொடலரின் வெளியீடு அதன் முன்பக்க உள்ளீட்டில் செருகப்பட்டிருந்தது. அதாவது மொடலருக்குள் ஓர் அம்பும் ஒரு கபினெட்டும், அதன் பிறகு கொம்போவின் சொந்த முன்பெருக்கி, அதன் பிறகு கொம்போவின் உண்மையான ஸ்பீக்கர். மொடலருக்குள் இருந்த கபினெட் மொடலை அணைத்து, வயரைப் பின்பக்கமுள்ள, முன்பெருக்கியைத் தவிர்த்துச் செல்லும் எஃபெக்ட் ரிட்டேர்ன் உள்ளீட்டுக்கு மாற்றியதும் போர்வை விலகியது. அந்தக் கணத்தில் வாசிப்பவரின் முகம் மலர்ந்ததைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை.

மேடை இரைச்சலின் காரணமும் அப்போதே வெளிப்பட்டது. பயிற்சியின்போது ஒலி மங்கியதைச் சரிசெய்ய, குழுவில் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வேறு சில பிரீசெட்டுகளில் (சேமித்து வைத்த ஒலியமைப்புகளில்) கபினெட் மொடலை அணைத்துச் சேமித்திருக்கிறார். கொம்போவின் ஸ்பீக்கருக்கு அது சரியான மருந்து. அதே பிரீசெட்டுகள் மேடைக்குப் போனபோது, மிக்சருக்கும் மொனிற்றருக்கும் ஸ்பீக்கர் வடிகட்டலே இல்லாத பச்சை ஒலி சென்றது. ஹெட்போனில் மட்டும் எப்படி நன்றாக இருந்தது என்றால், அந்தக் கருவி ஹெட்போன் வெளியீட்டுக்குத் தனியாக ஒரு கபினெட் மொடலைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்புடையது. இரைச்சலைக் கேட்ட ஒலியமைப்பாளர் மிக்சரில் அந்தச் சனலின் மேல்தொனியை ஆழமாகக் குறைத்திருக்கிறார். அவர் நிலையில் வேறு எவரும் அதையே செய்திருப்பார். அதன் விளைவாக இரைச்சலோடு கிற்றாரின் தெளிவும் போய், கூட்டத்துக்குத் தனி வாசிப்பே கேட்காமற் போயிற்று.

இன்னும் இரண்டு சிறு காரணங்கள் இருந்தன. மைக்கை விடப் பலமான லைன் அளவில் வைத்த வெளியீடு மிக்சரின் மைக் உள்ளீட்டுக்குச் சென்றதால், ஒலி அங்கேயே அளவு மீறி உடைந்திருந்தது. மற்றது, பிரீசெட்டுகள் வீட்டில் மெல்லிய உரப்பில் அமைக்கப்பட்டவை. ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இல் காட்டியபடி, மெல்லிய ஒலியில் நமது காது தாழ்தொனியையும் மேல்தொனியையும் குறைத்தே உணர்கிறது. அதை ஈடுசெய்ய வீட்டில் இரு முனைகளையும் கூட்டி வைக்கிறோம். ட்ரம்ஸுக்கு ஈடான உரப்பில் அதே அமைப்பு கீழே குமுறியும் மேலே குத்தியும் கேட்கும்.

ஆக, அதுவரை இருந்த பெட்டிகள் எதுவும் பழுதானவையல்ல. இதை வாசிப்பவருக்கு விளக்கியபோது, அப்படியானால் புதிய ஸ்பீக்கர் தேவையில்லையா என்று கேட்டார். தேவைதான். ஒவ்வொரு மேடையிலும் எந்த வகையான மொனிற்றர் கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. பயிற்சியிலும் மேடையிலும் ஒரே ஒலியைக் கேட்க, கூடவே கொண்டுபோகத்தக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது.

முன்னிருந்த வழிகள்

முதல் வழி, ஒரு பவர் அம்ப்பும் உண்மையான 12 அங்குல கிற்றார் பெட்டியும் வைப்பது. சீமோர் டங்கன் பவர்ஸ்டேஜ் 170 போன்ற சிறு பவர் அம்ப்கள் வந்தபின் சுமை ஒரு பிரச்சினையல்ல. வாசிப்பவரின் காலடியில் நின்று கேட்கும்போது இதற்கு நிகராக வேறொன்றும் இல்லை என்பதே என் கணிப்பும். பல காலம் அம்ப் வைத்து வாசித்தவர், மைக் வைத்துப் பதிந்த ஒலிக்கும் அறையில் நேரே கேட்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை உடனே உணர்வார். ஐ.ஆர். தருவது முதலாவதை. கிற்றார் பெட்டி தருவது இரண்டாவதை. "உயிர் இல்லை" என்று பலர் மொடலரைக் குறை சொல்வதன் பெரும்பகுதி இந்த வேறுபாடுதான்.

ஆனால் இந்த வழியில் மொடலர் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளைத் தர வேண்டும்: பெட்டிக்குக் கபினெட் மொடல் இல்லாதது, மிக்சருக்குக் கபினெட் மொடல் உள்ளது. தனித்தனி வெளியீடுகளுக்குத் தனித்தனிப் பாதை அமைக்கக்கூடிய உயர்விலைக் கருவிகளில் இது எளிது. இக்குழுவின் கருவியில் அந்த வசதி இல்லை. பெட்டியின் முன் மைக் வைக்கலாம் என்றால், திறந்த மேடையில் காற்றும் ட்ரம்ஸும் அந்த மைக்குக்குள் புகும். மேலும் 12 அங்குல கிற்றார் ஸ்பீக்கர் மேல்தொனியை ஒரு கற்றையாக நேரே வீசும். மேடையோரம் நிலத்தில் பாய் விரித்து அமர்ந்திருப்பவர்கள் அந்தக் கற்றைக்குள் அகப்பட்டால் அவர்களுக்கு அது தண்டனை.

இரண்டாவது வழி, எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முழுவீச்சு, சமவீச்சு ஸ்பீக்கர், அதாவது தாழ்விலிருந்து மேல்வரை எல்லா அலைவெண்களையும் சம அளவில் வெளியிட முயல்வது. ஹெட்ரஷ் எஃப்.ஆர்.எஃப்.ஆர்.-112, லைன் 6 பவர்கப், 2023இல் வந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்.ஆர்.-12 ஆகியவை கிற்றார்காரர்களுக்கென்றே செய்யப்பட்டவை. மூன்றாவது வழி, பாட்டுக்கும் பேச்சுக்கும் பயன்படும் சாதாரண அக்டிவ் பி.ஏ. பெட்டி, அதாவது பெருக்கி உள்ளேயே அமைந்த மேடை ஸ்பீக்கர். இவ்விரண்டும் உள்ளே ஏறக்குறைய ஒன்றுதான்: தாழ்தொனிக்கு ஒரு வூபர், மேல்தொனிக்கு ஒரு ஹோர்ன், அவற்றுக்கிடையே ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிரொஸ்ஓவர், பின்னால் ஒரு பெருக்கி. கிற்றாருக்கென்று விற்கப்படுவதில் பெட்டியின் தோற்றமும் சில வசதிகளும் மாறும். சமவீச்சு என்று எழுதப்பட்டிருப்பதால் மட்டும் அது சமவீச்சு ஆகிவிடாது.

வெறும் 12 அங்குல கிற்றார் பெட்டி ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. செலஸ்ரியனின் எஃப்12-எக்ஸ்200, கிற்றார் பெட்டியின் துளையிலேயே பொருந்தும் முழுவீச்சு ஸ்பீக்கர். நடுவிலே ஹோர்னும், தனக்குள்ளேயே கிரொஸ்ஓவரும் உடையது. நல்ல தச்சர் ஒருவரைத் தெரிந்தவர்களுக்கு இது கவனிக்கத்தக்கது. இக்குழுவிடம் அத்தகைய பெட்டி இல்லாததால் இதை நாங்கள் சோதிக்கவில்லை.

பெட்டியின் அளவும் வாட் கணக்கும்

குழுவினர் முதலில் கேட்டது 15 அங்குலப் பெட்டியை. நம்மிடையே பெரிய பெட்டி என்றால் பெரிய ஒலி என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. கிற்றாருக்கு அது பொருந்தாது. சுருதி குறைக்கப்படாத நிலையில் கிற்றாரின் ஆகத் தாழ்ந்த கம்பி 82 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. அதற்குக் கீழே இறங்கும் 15 அங்குலத்தின் வலிமை பேஸுக்கும் பேஸ் ட்ரம்முக்கும் உரியது. கிற்றாரின் தெளிவும் கடியும் 1 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை இருக்கின்றன. 15 அங்குலக் கூம்பு இந்த எல்லைக்குள் வரும்போதே ஒலியை ஒடுக்கமாக வீசத் தொடங்கிவிடும். பின்னர் 2 கிலோஹேர்ட்ஸ் அளவில் அகல வீசும் ஹோர்னிடம் கைமாற்றும். நேரே நின்றால் ஓர் ஒலி, இரண்டு அடி விலகினால் வேறோர் ஒலி. 10 அங்குலத்தில் இந்தத் தையல் அவ்வளவு தெரிவதில்லை. கூம்பின் நடுவிலேயே ஹோர்னை வைத்த கோஅக்சியல் பெட்டிகளில் இன்னும் குறைவு. தரையில் சரித்து வைத்து மிக அருகில் கேட்பவருக்கு அவையே மிகச் சிறந்தவை.

வாட் எண்ணை வைத்து விலை பேசும் வழக்கத்தையும் குழுவினரோடு சேர்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். விண்டேஜ் 30 போன்ற கிற்றார் ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீற்றர் தூரத்தில் 100 டெசிபல் தரும். அதற்கு 30 வாட் கொடுத்தால் ஏறத்தாழ 115 டெசிபல். முழுவீச்சுப் பெட்டியின் வூபர் 93 டெசிபல் உணர்திறன் உள்ளதாயின், அதே 115 டெசிபலை எட்ட 150 வாட்டுக்கு மேல் வேண்டும். எனவே 30 வாட் வால்வ் அம்பின் இடத்தை நிரப்ப, தொடர்வலு 200 அல்லது 300 வாட் உள்ள பெட்டியைத் தேடுவது மிகையல்ல. ஆனால் பெட்டியின் முகப்பில் எழுதப்படும் எண் பெரும்பாலும் உச்சவலு. யமஹா டிபிஆர்10 பெட்டிக்கு உச்சவலு 700 வாட் என்றும் தொடர்வலு 325 வாட் என்றும் அந்நிறுவனமே பிரித்துச் சொல்கிறது. இப்படிப் பிரித்துச் சொல்லாத பெட்டியின் எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை. வலுவை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் போய்விடும். கூரையும் சுவரும் ஒலியைத் திருப்பித் தராத இடத்தில், பெட்டியைக் காதுக்கு நெருக்கமாக வைப்பதே இலவசமாகக் கிடைக்கும் வலு.

தெரிவும் அமைப்பும்

இறுதியில் 10 அங்குல அக்டிவ் பி.ஏ. பெட்டி ஒன்றைத் தெரிந்தோம். கிற்றாருக்கென்று செய்யப்பட்டவற்றை விட இதைத் தெரிந்ததற்குக் காரணம், பழுதுபார்க்க ஆளும் உதிரிப்பாகமும் கிடைப்பதும், கிற்றார் இல்லாத நாளில் இதே பெட்டி பாடகருக்குப் பயன்படுவதுமாகும். கொழும்பில் இருப்பவருக்கு என் ஆலோசனை வேறாக இருக்கலாம். ஒரு பெட்டி பழுதானால் ஏ9 வீதியால் நெடுந்தூரம் அனுப்பிக் காத்திருக்க வேண்டியவருக்கு, ஒலியில் சிறு மேன்மையை விடச் சீர்செய்யக்கூடிய தன்மையே பெரிது.

பெட்டியை மேடைத் தரையில் நேராக வைத்தால் ஹோர்ன் வாசிப்பவரின் முழங்காலையே பார்க்கும். அத்துடன் தரையை ஒட்டியிருக்கும் பெட்டியில் தாழ்தொனி தானாகக் கூடிக் குமுறும். ஆகவே வாசிப்பவருக்குப் பின்னே ஒரு தாங்கியில், காது மட்டத்தை நோக்கி வைத்தோம். பெட்டியின் பின்புறத்தில் 'கொன்டூர்' என்ற பொத்தான் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும்; இசைத்தட்டுக்காக இரு முனைகளையும் தூக்கிக் காட்டும் அமைப்பு அது.

பிரீசெட்டுகள் அனைத்தையும் கபினெட் மொடல் இயங்கும் நிலையில், ட்ரம்ஸ் வாசிக்கும்போதே, வளவில் வைத்துத் திரும்ப அமைத்தோம். கீழுள்ளதை வெட்டும் தாழ்வெட்டு 90 ஹேர்ட்ஸில், மேலுள்ளதை வெட்டும் மேல்வெட்டு 6.5 கிலோஹேர்ட்ஸில் நின்றது. மேல்வெட்டை 5க்குக் கொண்டுவந்தபோது சுத்தமான தொனியில் விரல் படும் ஓசை மறைந்தது. 8க்கு ஏற்றியபோது டிஸ்டோர்ஷனில் இரைச்சல் மீண்டும் தலைகாட்டியது. இடது வலதாகப் பிரியும் கோரஸ், டிலே ஆகியவற்றை ஒற்றைத் தடத்துக்கு மாற்றினோம். ஒரு பக்க வயரை மட்டும் செருகினால் அவற்றில் பாதி காணாமற் போகும்.

மொடலரிலிருந்து வரும் வயர் முதலில் பெட்டிக்கும், பெட்டிக்கு வந்ததை அப்படியே வெளியே அனுப்பும் துரூ வெளியீட்டிலிருந்து மிக்சருக்கும் செல்கிறது. பெட்டியின் உரப்பைக் கூட்டிக் குறைக்கும்போது மிக்சருக்குப் போகும் அளவும் மாறுகிறதா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும். மாறினால் அந்த வெளியீட்டை நம்பாமல், ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.ஐ. பெட்டி ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். மிக்சர் வரை செல்லும் நீண்ட வயர் சமநிலை வயராக, எக்ஸ்.எல்.ஆர். முனையுடன் இருப்பது கட்டாயம். ஜெனரேட்டர் மேடைகளில் மொடலரும் மிக்சரும் வெவ்வேறு இடத்தில் மின் எடுக்கும்போது 50, 100 ஹேர்ட்ஸ் உறுமல் எழும். டி.ஐ. பெட்டியிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானால் அதைத் தீர்க்கலாம். உறுமல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் ஊசியைக் கழற்றுவது சில மேடைகளில் நடக்கிறது. இரும்புக் கம்பியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொடும் வேலையில் இருப்பவரின் உயிரோடு விளையாடுவது அது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஜெனரேட்டர் ஒரு கணம் தளம்பினால் பெட்டி தாங்கிக்கொள்ளும், மொடலர் அணைந்து மீள ஏற நேரமெடுக்கும். ஆகவே மொடலரை மட்டும் சிறிய யு.பி.எஸ். ஒன்றில் இணைத்தார்கள்.

விளைவும் எஞ்சியவையும்

புதிய அமைப்போடு குழு ஏறிய முதல் மேடையில், ஒலியமைப்பாளர் கிற்றார்ச் சனலின் ஈக்யூ என்ற தொனிக் கட்டுப்பாட்டைத் தொடாமலே விட்டிருந்தார். இதையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்கிறேன். மேடைக்கு வெளியே பாடகரின் குரலுக்குக் கீழே கிற்றார் தனித்துக் கேட்டது. வாசிப்பவருக்கு மொனிற்றரில் தமது ஒலியைக் கூட்டும்படி சைகை காட்ட வேண்டியிருக்கவில்லை. அதனால் தரை மொனிற்றர்கள் பாடகர்களுக்கென்று விடப்பட்டு, மைக் கூவும் தொல்லையும் குறைந்தது. நடுப்பகலில் ஒலிச்சோதனைக்காக வெயிலில் வைத்த பெட்டி வெப்பத்தால் தன் வலுவைக் குறைத்துக்கொண்டது. இப்போது மேலே ஒரு துணி நிழல் கட்டி, பின்புற வெப்பத் தகடுகளைக் காற்றோட்டமாக விடுகிறார்கள். தூசைத் தடுக்கப் பெட்டிக்கு உறை தைத்திருக்கிறார்கள். வாசிக்கும்போது அதைக் கழற்றியே ஆக வேண்டும்.

அம்பின் முன் நிற்கும் உணர்வு முழுமையாகத் திரும்பவில்லை என்று வாசிப்பவர் சொல்கிறார், அது உண்மை. மைக் தூரத்தில் வைத்துப் பதிந்த ஐ.ஆர். ஒன்றைச் சிறிதளவு கலந்தபோது அவருக்கு ஓரளவு நிறைவு கிடைத்தது. அதைப் பெட்டியில் கேட்கும்போது இனிமையாக இருந்தாலும், வெளியே கூட்டத்துக்கு ஒலி சற்றுப் பின்வாங்கிவிடுகிறது. ஆகவே அந்தக் கலவையைப் பயிற்சிக்கும் சிறு மண்டப நிகழ்வுகளுக்கும் மட்டும் வைத்திருக்கிறார்.

பழைய கொம்போ இப்போது இரண்டாவது கிற்றார்காரரிடம் இருக்கிறது. அவரும் சிறியதொரு மொடலர் வாங்கியிருப்பதால், எஃபெக்ட் ரிட்டேர்னுக்கான பிரீசெட் வரிசை ஒன்றும், மிக்சருக்கான வரிசை ஒன்றும் தனித்தனியாக அமைத்து, முதல் வரிசையின் பெயர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் 'கொம்போ' என்று எழுதிச் சேமித்துக் கொடுத்திருக்கிறோம்.